ராட்சதப் பூசணி விதை: ஹீட் மேட் 30 காட்டுது, ஏழு நாளாகியும் ஒண்ணும் முளைக்கலை

பந்தல்நிழல்

அட்லாண்டிக் ஜெயன்ட் விதை மொத்தம் ஆறு. அதுல மூணை வீட்டுக்குள்ள தொட்டியில போட்டு இன்னையோட ஏழு நாள் ஆச்சு. ஒண்ணுகூட தலை காட்டலை. விவரம் முழுசா தர்றேன், எங்க தப்புன்னு சொல்லுங்க. சொல்ற அளவெல்லாம் செல்சியஸ்.

அறை பகல்ல 18 டிகிரி, ராத்திரி 15. தொட்டி 12 சென்டிமீட்டர் பிளாஸ்டிக். கலவை: தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் கால், பெர்லைட் (காத்தோட்டத்துக்குச் சேர்க்கிற லேசான வெள்ளைக் கல் துகள்) கால். 20 வாட் ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில போட்டுச் சூடேத்துற மின்சார விரிப்பு), நேரா மர மேஜை மேலயே விரிச்சிருக்கு. மேட்டோட சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டை 30-ல வச்சு, அதோட சென்சாரைத் தொட்டிகளுக்கு நடுவுல மேட் மேல டேப் போட்டு ஒட்டியிருக்கேன். தொட்டிக்கு மூடி கிடையாது. விதையை 12 மணி நேரம் ஊற வச்சு, கூர் முனை கீழ பார்க்க, 3 சென்டிமீட்டர் ஆழத்துல போட்டேன். மேல் மண் காயுறதால தினமும் குழாய்த் தண்ணி.

நேத்து ஒண்ணைத் தோண்டிப் பார்த்தேன். ஓடு மெத்துன்னு இருக்கு, அமுக்கினா உள்ள கூழா வருது, நாத்தம். மத்த ரெண்டையும் இன்னும் தொடலை.

கேட்க வேண்டியது இதுதான்: மேட் 30 காட்டியும் ஏன் முளைக்கலை? ராத்திரி சூட்டைக் குறைக்கணுமா? மிச்சம் இருக்கிற மூணு விதையை எப்படிப் போட்டா நல்லது?

வேர்முடிச்சு

தெர்மோஸ்டாட் பொய் சொல்லலை. நீங்க எந்த இடத்துல கேட்டீங்களோ அந்த இடத்துல 30 வச்சிருக்கு, அதாவது மேட்டோட தோல் மேல. விதை கிடக்கிறது அதுக்கு ஆறேழு சென்டிமீட்டர் மேல. நடுவுல தொட்டியோட அடிப்பாகம், அதுக்குக் கீழ கொஞ்சம் காத்து, அப்புறம் ஈரக் கலவை. தொட்டியோட பக்கம் முழுக்க 15 டிகிரி காத்துல நிக்குது. மேல மூடி இல்லாததால ஈரம் ஆவியாகிட்டே இருக்கு. ஆவியாகிற தண்ணி சும்மா போகாது, சூட்டை எடுத்துக்கிட்டுதான் போகும். மண்பானைத் தண்ணி குளிர்றதும் இப்படித்தான். உங்க அமைப்புல விதை மட்டத்துல 22-க்கு மேல இருந்தா எனக்கு ஆச்சரியம். ராத்திரி இன்னும் குறையும். அளந்து பாருங்க.

பூசணி விதை 15-க்குக் கீழ கிட்டத்தட்ட முளைக்கவே முளைக்காது. 20-ல முளைக்கும், பத்து நாள் வரை இழுக்கும். 29-லிருந்து 32 வரைக்கும் நிலையா இருந்தா மூணு, நாலு, மிஞ்சிப்போனா அஞ்சாம் நாள் மண் வெடிக்கும். 35-லயும் வேகமா வரும், ஆனா 38-ஐ ஒட்டினா விதை கெட ஆரம்பிக்கும். அதனாலதான் எல்லாரும் 30-ஐப் பிடிச்சுக்கிறாங்க. வீட்டு தெர்மோஸ்டாட் எதுவும் ஒரே புள்ளியில நிக்காது, ஒண்ணு ரெண்டு டிகிரி மேலயும் கீழயும் ஆடும். 30-ல வச்சா ரெண்டு பக்கமும் இடம் இருக்கு. 35-ல வச்சா மேல் பக்கம் இடமே இல்லை.

இப்ப செய்ய வேண்டியது. விதை இல்லாத ஒரு தொட்டியில அதே கலவையை அதே ஈரத்தோட நிரப்பி, மத்த தொட்டிகளுக்கு நடுவுல வைங்க. சென்சார் முனையை அந்தத் தொட்டியோட நடுவுல சரியா 3 சென்டிமீட்டர் ஆழத்துல செருகுங்க. இனிமே தெர்மோஸ்டாட் கேட்கிறது அந்த இடத்தை. சென்சார் ஒயரைத் தொட்டியோட விளிம்புல ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிடுங்க. இது சின்ன விஷயம் இல்லை. சென்சார் நழுவி வெளிய விழுந்தா அறைக் காத்தோட 18-ஐத்தான் காட்டும். மேட் "இன்னும் பத்தலை"ன்னு நிறுத்தாம எரியும். மூடின பெட்டிக்குள்ள இது நடந்தா ஒரே ராத்திரியில விதையெல்லாம் வெந்துடும். நல்ல விதை இப்படிப் போறது ரொம்ப சாதாரணமா நடக்கிற விபத்து.

அந்த சென்சாரையே நம்பலாமான்னு முதல்ல பார்த்துக்குங்க. ஒரு டம்ளர் நிறைய இடிச்ச ஐஸ், அது மூழ்கிற அளவுக்குத் தண்ணி, நல்லா கலக்கி ரெண்டு நிமிஷம் விட்டா அது 0. சென்சார் அதுல என்ன காட்டுதுன்னு குறிச்சுக்குங்க. அடுத்து கை பொறுக்கிற வெந்நீர்ல காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையும் சென்சாரையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு, 37-ஐச் சுத்தி ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ரெண்டு இடத்துலயும் 1.5 டிகிரி கூடவே காட்டுதுன்னா, 30 வேணும்னா 31.5-ல வைங்க.

ராத்திரி குறைக்க வேண்டாம். மண்ணுக்குள்ள இருக்கிற விதைக்கு இரவு பகல் வித்தியாசம் தேவையில்லை. முளை வெளிய வர்ற வரைக்கும் ஒரே சூடு. அதிகாலை நாலு அஞ்சு மணிக்குத்தான் அறை ரொம்பக் குளிர்ந்திருக்கும். அதிகபட்சம் குறைந்தபட்சம் பதிவு பண்ற தெர்மாமீட்டர் ஒண்ணு பெட்டிக்குள்ள கிடந்தா, நீங்க தூங்கும்போது என்ன நடந்துச்சுன்னு காலையில தெரியும்.

தொட்டிகளை விதை போடுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே சூடேத்தி வைங்க. ஒரு லிட்டர் ஈரக் கலவை 15-லிருந்து 30-க்கு வர பல மணி நேரம் ஆகும். குளிர்ந்த கலவையில விதையைப் புதைச்சுட்டு அப்புறம் மேட்டைப் போட்டா முதல் நாள் வீண்.

இன்னொண்ணு, தினமும் குழாய்த் தண்ணி ஊத்துறீங்களே, அது என்ன பண்ணுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 30 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் கலவையில 15 டிகிரி தண்ணி 200 மில்லி ஊத்தினா தொட்டி கிட்டத்தட்ட 4 டிகிரி இறங்கும். 20 வாட் மேட் அதை மறுபடி ஏத்துறதுக்குள்ள பல மணி நேரம் போயிடும், மறுநாள் திரும்பவும் ஊத்துவீங்க.

இரண்டிலை

வெப்பத்தைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் உங்கள் விதை வெறும் குளிரால் சாகவில்லை. குளிரில் மெதுவாக விழித்துக்கொண்டிருந்த விதை, தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

ஊறிய விதை வேகமாக மூச்சு விடும் உயிர். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்ந்தால் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தினமும் மேலே ஊற்றினால் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்று வெளியேறி அங்கே தண்ணீர் நிற்கும். மேல் அரை சென்டிமீட்டர் காய்ந்து வெளுத்திருக்கும்போதே, விதை கிடக்கும் ஆழத்தில் சேறாக இருக்கலாம். கூழும் நாற்றமும் அதன் அடையாளம்.

மீதி இரண்டையும் இன்றே மெதுவாகத் தோண்டி எடுங்கள். அப்படியே விட்டுவைப்பதில் லாபம் எதுவும் இல்லை. விதையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஓடு உறுதியாக, இரு விரலால் அமுக்கினால் கல் போல எதிர்த்து நின்றால் விதை உயிரோடு இருக்கிறது, சூடு போதவில்லை, அவ்வளவுதான். கூர் முனை பிளந்து வெள்ளை முளை தெரிந்தால் நல்லது. முளையின் நுனி பழுப்பாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தால் தண்ணீரோ அதிகச் சூடோ அதைத் தொட்டிருக்கிறது. ஓடு அமுங்கி உள்ளே காலியாக, தட்டையாக இருந்தால் அது தொடக்கத்திலேயே பதர். உங்கள் தவறு இல்லை.

அடுத்த முறைக்குக் கலவையில் மண்புழு உரமே வேண்டாம். இந்த விதை இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம். முதல் பத்து நாளுக்கான உணவு முழுவதும் அந்த இரண்டு பருப்பிலும் இருக்கிறது. நன்றாக அலசி உப்பு நீக்கிய நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு போதும். ஈரம் சரிபார்க்க: ஒரு கைப்பிடி எடுத்து முழு பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு தட்டுப்பட்டால் சரி. ஒழுகினால் அதிகம், உலர்ந்த கலவையைச் சேருங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒரு விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

இந்த ஈரத்தில் விதையைப் போட்டுத் தொட்டியின் வாயை ஒட்டுப்படலம் (சமையலறை கிளிங் ஃபிலிம்) போட்டு மூடிவிட்டால், முளை வரும்வரை ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டியதில்லை. மூடி இருப்பதால் ஆவியாகாது. ஆவியாகாததால் சூடும் இறங்காது. ஒரே மூடி இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது.

ஊறவைப்பது 12 மணி நேரம் தேவையில்லை. 30 முதல் 35 டிகிரி வெந்நீரில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும். மிதக்கிறது என்று எதையும் தூக்கிப்போட வேண்டாம். இந்த விதைகளில் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே காற்று இருப்பதால் நல்லவையும் மிதக்கும். ஓடு தடிமனாக இருந்தால் ஊறவைக்கும் முன் இரண்டு பக்க விளிம்புகளையும் உப்புத்தாளிலோ நகம் தேய்க்கும் அரத்திலோ லேசாகத் தேயுங்கள். விளிம்பின் பளபளப்பு போய், ஓட்டின் நிறம் மாறித் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். கூர் முனையைத் தொடவே கூடாது. முளைவேர் அங்கிருந்துதான் வரும். அதன் நுனி ஓட்டை ஒட்டியே இருக்கிறது.

விதையை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. கூர் முனை கீழே பார்க்க வைப்பவர்களும் நன்றாகவே முளைக்கவைக்கிறார்கள். நான் படுக்கவைப்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பூசணிக் குடும்ப நாற்றில் வேரும் தண்டும் சேரும் இடத்தில் சின்ன முளைக்குச்சி போல ஒரு புடைப்பு வளரும். விதை படுத்திருந்தால் அது கீழ்ப்பக்கத்தில் வந்து, ஓட்டின் அடி விளிம்பை மிதித்துப் பிடித்துக்கொள்ளும். தண்டு வளைந்து மேலே எழும்போது வித்திலைகள் (விதைக்குள் இருக்கும் அந்த இரண்டு பருப்பு) ஓட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஓடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். விதையை நட்டுக்குத்தலாக வைத்தால் அந்தப் பிடி சரியாக அமையாமல், நாற்று ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு வரும் வாய்ப்பு கூடுகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை என்பதால் இது குளிர் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த இனத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. காய் எவ்வளவு பெரிதானாலும் விதை கேட்பது அதே சூட்டைத்தான்.

பந்தல்நிழல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அளந்துட்டேன். பழைய அமைப்புல விதை மட்டத்துல பகல் 22.5, விடியக்காலை 19.8.

தோண்டினதுல ஒண்ணு கல்லு மாதிரி உறுதி, கூர் முனை லேசா வாய் பிளந்திருக்கு. இன்னொண்ணுல 4 மில்லிமீட்டர் முளை, நுனி பழுப்பு. ரெண்டையும் வெதுவெதுப்பான தண்ணியில அலசி, ஈர டிஷ்யூல சுத்தி வச்சிருக்கேன்.

சென்சாரை நீங்க சொன்ன விதை இல்லாத சாட்சித் தொட்டிக்கு மாத்தினேன். அதுல இப்ப 30 நிக்குது. ஆனா மேட் மேல தனியா அளந்தா 39! விதைக்கு 30 கிடைச்சா போதும்னு விட்டுடலாமா, இல்லை கீழ இவ்வளவு சூடு ஆபத்தா?

வேர்முடிச்சு

விட்டுடாதீங்க. முளைவேர் முதல்ல போறது கீழதான். 30-ல சொகுசா முளைச்சுட்டு, ரெண்டே நாள்ல தொட்டியோட அடிக்கு வந்து 36, 37 டிகிரியில நுனி கருகிடும். மேல செடி நல்லா வந்த மாதிரி இருக்கும், அப்புறம் காரணமே தெரியாம நின்னுபோகும்.

மேட் 39-க்குப் போக வேண்டியிருக்கிறது, தொட்டியைச் சுத்தி 15 டிகிரி காத்து இருக்கிறதால. சுத்தி இருக்கிற காத்தையே சூடாக்கிட்டா மேட் இவ்வளவு உழைக்க வேண்டாம். ஒரு தெர்மாகோல் பெட்டி, தொட்டிக்கு மேல ஒரு சாண் உயரம் மிச்சம் இருக்கிற மாதிரி. அடியில மேட், அது மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கால் வச்ச கம்பி ஸ்டாண்டு, அதுக்கு மேல தொட்டி. தொட்டி மேட்டைத் தொடவே கூடாது. மேட் காத்தைச் சூடாக்கும், காத்து எல்லாப் பக்கமும் தொட்டியைச் சூடாக்கும். மேலும் கீழும் வித்தியாசம் ஒன்பது டிகிரியிலிருந்து ரெண்டு மூணு டிகிரிக்கு வந்துடும். மூடியில பென்சில் நுழையுற அளவுக்கு ரெண்டு ஓட்டை போட்டா காத்தும் மாறும்.

பெட்டி கிடைக்கலைன்னா ஒரு தட்டுல ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலைப் பரப்பி, அதை மேட் மேல வச்சு, தொட்டியை மணல்ல நிறுத்தலாம். மணல் சூட்டை ஒரே சீரா பரப்பும். ஆனா 15 டிகிரி அறைக்கு இது மட்டும் போதாது, மேல ஒரு மூடியும் வேணும்.

மேட் இப்ப மரத்து மேல நேரா கிடக்கு, பாதிச் சூடு மேஜைக்குத்தான் போகுது. பெட்டியோட அடித் தெர்மாகோலே அதைத் தடுத்துடும். மேட்டை மடிக்கவோ, மேல போர்வை போட்டு அமுக்கவோ வேண்டாம். மடிப்புல சூடு தேங்கி உள் ஒயர் கெடும். சிலர் மேட்டுக்குப் பதிலா பெட்டிக்குள்ள குண்டு பல்ப் போடுவாங்க. 25 வாட் பழைய இழை பல்ப் ஒரு சின்னப் பெட்டிக்குத் தாராளம், எல்இடி பல்ப் அந்த அளவுக்குச் சூடு தராது. ஆனா பல்ப் தெர்மாகோலை நெருங்கவே கூடாது, உருகிப் பத்திக்கும். சுத்திலும் ஒரு சாண் இடம் விடுங்க. எது போட்டாலும் மின்கசிவு வந்தா தானே துண்டிக்கிற பிரேக்கர் இருக்கிற இணைப்புல மட்டும் செருகுங்க. ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்கட்டும், ஒயர் வழியா வழியுற தண்ணி அங்கயே சொட்டிடும்.

பெட்டியை ஜன்னல் வெயில்ல வைக்காதீங்க. மூடின பெட்டியில வெயில் அடிச்சா தெர்மோஸ்டாட் மேட்டை அணைச்சுட்டுப் பார்த்துக்கிட்டு நிக்கும், சூரியனை அணைக்க அதால முடியாது.

கொடிவீசி

மிச்சம் மூணு விதைதான்னா நான் தொட்டியில நேரா போட மாட்டேன். டிஷ்யூல முளைக்க வச்சு அப்புறம் மாத்துறதுதான் பத்திரம். கண்ணு முன்னாடி நடக்கும், எது எப்போ வருது, எது கெடுதுன்னு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை தெரியும்.

சமையலறை டிஷ்யூ ரெண்டு மடிப்பு. நனைச்சு, சொட்டு நிக்கிற வரைக்கும் பிழியணும்; தொட்டா கை ஈரமாகணும், தூக்கினா சொட்டக் கூடாது. விதை ஒண்ணை ஒண்ணு தொடாம வச்சு மடிச்சு ஜிப் கவர்ல போடுங்க. ஜிப்பை முழுசா மூடாம ரெண்டு விரல் அளவு திறந்து வைங்க, இல்லாட்டி உள்ள காத்தே இருக்காது. கவரை அதே பெட்டிக்குள்ள கம்பி ஸ்டாண்டு மேல படுக்க வைங்க. மேட் மேல நேரா வைக்கிறது பெரிய தப்பு: மண்ணுக்கு இருக்கிற கனம் டிஷ்யூவுக்குக் கிடையாது, மேட்டோட 39 அப்படியே விதைக்குப் போயிடும். சென்சாரையும் இந்த முறைக்குத் தொட்டியில வைக்காம, இன்னொரு ஈர டிஷ்யூ மடிப்புக்குள்ள வச்சு கவர் பக்கத்துல போடுங்க.

30-ல இருந்தா ஒண்ணரை நாள்லிருந்து மூணு நாளுக்குள்ள முளை எட்டிப் பார்க்கும். முளை 1 சென்டிமீட்டர், அதிகம் போனா ஒண்ணரை இருக்கும்போதே மாத்திடணும். மூணு சென்டிமீட்டர் விட்டா வேர் மயிர் டிஷ்யூல பின்னிக்கும், பிரிக்கும்போது அறுந்துடும். பின்னிக்கிச்சுன்னா பிரிக்காதீங்க, கத்தரிக்கோலால அந்த டிஷ்யூவைச் சுத்தி வெட்டி அதோடயே புதைங்க. பிடிக்கிறது எப்பவும் ஓட்டைத்தான், முளையை விரல் தொடவே வேண்டாம். தொட்டிக் கலவையில பென்சிலால குழி போட்டு, முளையைக் கீழ விட்டு, விதைக்கு மேல ரெண்டு சென்டிமீட்டர் கலவை. அந்தக் கலவையும் 28, 30-ல ஏற்கெனவே சூடா இருக்கணும். குளிர்ந்த மண்ணுல மாத்தினா நின்னுடும்.

உங்க பழுப்பு நுனி விதையையும் தூக்கிப் போடாதீங்க. நடுவேர் நுனி போயிருந்தாலும் மேல இருந்து பக்க வேர் வரும். ஆனா அதை நம்பி திட்டம் போடாதீங்க, மத்ததுங்களுக்குத் துணையா இருக்கட்டும்.

இரண்டிலை

டிஷ்யூ முறையைக் குறை சொல்லமாட்டேன், குறைந்த விதை இருக்கும்போது அது புத்திசாலித்தனம். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் ஆசையில் மணிக்கொரு தரம் பிரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கவர் அறை வெப்பத்துக்கு இறங்கும். அதில் மண்ணைப் போல வெப்பத்தைச் சேமித்து வைக்க எதுவும் இல்லை. காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. அதற்கு மேல் திறக்க வேண்டாம். டிஷ்யூவில் சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தால் விதையை வெதுவெதுப்பான நீரில் அலசிப் புது டிஷ்யூவுக்கு மாற்றுங்கள். ஓட்டின் மேல் மட்டும் இருக்கும் பூஞ்சை பெரும்பாலும் முளைப்பைத் தடுப்பதில்லை.

பந்தல்நிழல்

அஞ்சாம் நாள் நிலவரம். பெட்டி, ஸ்டாண்டு எல்லாம் சொன்னபடி. மேட் இப்ப 33-க்கு மேல போறதில்லை, விடியக்காலைக் குறைந்தபட்சம் 29.1.

வாய் பிளந்திருந்த பழைய விதை இரண்டாம் நாளே ஒரு சென்டிமீட்டர் முளைவிட்டுத் தொட்டிக்குப் போயிடுச்சு, இன்னைக்குக் காலையில தண்டு கொக்கி மாதிரி வளைஞ்சு வெளிய வந்திருக்கு. ஆனா ஓடு தலையிலயே மாட்டியிருக்கு. புது விதை மூணுல ரெண்டு இப்பதான் தொட்டிக்கு மாத்தினேன், மூணாவது இன்னும் டிஷ்யூல. பழுப்பு நுனி அழுகிடுச்சு.

ஓட்டைப் பிரிக்கலாமா? வெளிய வந்த செடியைப் பெட்டிக்குள்ளயே 30-ல வச்சிருக்கணுமா?

இரண்டிலை

உலர்ந்த ஓட்டை இழுக்காதீர்கள், வித்திலையோடு கிழிந்து வரும். ஒரு சின்னப் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஓட்டைச் சுற்றி ஒட்டவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓட்டின் இரண்டு பக்க விளிம்பையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நகங்களால் மெதுவாக அமுக்குங்கள். கூர் முனைப் பக்கம் தையல் பிரிவது போல வாய் திறக்கும். திறந்தால் தானாகவே உதிரும். உள்ளே மெல்லிய தோல் ஒன்று வித்திலையை ஒட்டியிருக்கும், அதையும் ஈரமாக்கி நுனியில் பிடித்து உருவலாம். திறக்கவில்லை என்றால் மறுபடி பஞ்சு. அவசரம் எதுவும் இல்லை, ஒரு நாள் வரை பொறுக்கலாம். மற்ற தொட்டிகளில் விதைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் கலவை முழுமையாக இருக்கிறதா, மேற்பரப்பு காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே கனமும் ஈரமும் குறைந்தால்தான் ஓடு கூடவே எழும்பி வருகிறது.

கொடிவீசி

அந்தச் செடியை இப்பவே பெட்டியிலிருந்து வெளிய எடுங்க. 30 டிகிரி முளைக்கிறதுக்கு, வளர்றதுக்கு இல்லை. கொக்கி தெரிஞ்ச நேரத்திலிருந்து அதுக்கு வேண்டியது வெளிச்சம். இருட்டுப் பெட்டியில ஒரு ராத்திரி கூடுதலா இருந்தாக்கூட தண்டு பத்து சென்டிமீட்டருக்கு நூல் மாதிரி இழுத்துக்கும், அதுக்கப்புறம் குட்டையாக்க வழியே இல்லை.

பகல்ல 22–24, ராத்திரி 18–20 போதும். உங்க அறை ராத்திரி 15-க்கு இறங்குறதால, வெளிய வந்த செடிக்கு இன்னொரு மேட் இருந்தா 21-ல வச்சுக்குங்க. இல்லாட்டி பெட்டி மேல் மூடி மேலயே தொட்டியை வைங்க, அங்க வர்ற சூடு கொஞ்சம் தாங்கும். எல்இடி ட்யூப் லைட்னா வித்திலைக்கு மேல ஏழெட்டு சென்டிமீட்டர்ல, தினம் 14லிருந்து 16 மணி நேரம். செடி வளர வளர விளக்கை ஏத்துங்க.

தண்ணி ஊத்தணுமான்னு மேல் மண்ணைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்க. முழு ஈரத்துல ஒருதடவை தூக்கி அந்தக் கனத்தை மனசுல வச்சுக்கிட்டா போதும். மண்ணை ஒட்டின இடத்துல தண்டு தண்ணி கோத்து, கிள்ளின மாதிரி சுருங்கினா அது நாற்றழுகல். அந்த நோய் வந்த செடி பிழைக்காது. பக்கத்துல இருக்கிறதை உடனே தள்ளி வைங்க, காத்து நல்லா ஓடுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் போடுங்க.

வேர்முடிச்சு

நடவு பத்தியும் இப்பவே யோசிச்சு வைங்க, ஏன்னா இந்த வேர் காத்திருக்காது. 12 சென்டிமீட்டர் தொட்டியில ஒரு வாரத்துலயே வேர் சுவரைத் தொட்டு வளைய ஆரம்பிக்கும். முளைச்ச ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள்ள, வித்திலைக்கு அடுத்து வர்ற முதல் நிஜ இலை விரிஞ்சதும் வெளிய போகணும். அந்த நேரத்துல தோட்டத்து மண் 10 சென்டிமீட்டர் ஆழத்துல காலை எட்டு மணிக்கு 18-ஆவது இருக்கணும். 30-ல பிறந்து 22-ல வளர்ந்த செடியை 12 டிகிரி மண்ணுல வச்சா வேர் தண்ணியே எடுக்காது, நனைஞ்ச மண்ணுலயே வாடி நிக்கும். குழி எடுக்கிற இடத்தை ரெண்டு வாரம் முன்னாடியே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, மேல வளைவுக் கூண்டும் வச்சு மூடிடுங்க. பத்தாதுன்னா மண்ணைச் சூடாக்கிற கேபிளை 15 சென்டிமீட்டர் ஆழத்துல வளைச்சு வளைச்சுப் பதிச்சு, இதே தெர்மோஸ்டாட்டை 20-ல வச்சு ஓட்டலாம். சென்சார் எங்க இருக்கணும்னு இனிமே சொல்ல வேண்டியதில்லை.

நடும்போது வித்திலைக்குக் கீழ வரை மண் அணைக்கலாம். முதல் நிஜ இலை எந்தப் பக்கம் நீட்டியிருக்கோ, பெரும்பாலும் முதன்மைக் கொடி அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். அதனால தொட்டியிலிருந்து எடுக்கிறதுக்கு முன்னாடியே கொடி ஓட வேண்டிய திசையைத் தீர்மானிச்சு, இலை அதுக்கு முதுகு காட்டுற மாதிரி திருப்பி வைங்க. நட்ட பிறகு திருப்ப முடியாது.